துட்டி அடைப்பு

எங்கள் பஜார் வர்த்தகச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம், அவர்கள் செத்துப்போன அன்றைக்கு மற்றவர்கள் கடையை அடைத்ததுதான். இப்படிச் சொன்னால் கோவில்பட்டியில் இன்றைக்கும் நாலு பேருக்கு என்மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும். என் அப்பா அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அவர் உறுப்பினராகவே சாக வேண்டும் என்பதற்காக என் வயதில் நல்ல பகுதியை ஒரு சாக்குக் கடைக்குள் உட்கார்ந்து கழித்தவள் நான். சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியைத் துட்டி என்பார்கள். சங்கத்தில் ஒருவர் இறந்தால் நடக்கும் கடையடைப்புக்குத் துட்டி அடைப்பு என்று பெயர். காலையில் சங்கத்துக் கணக்கப்பிள்ளை சைக்கிளில் கடை கடையாகப் போய், “இன்ன கடை அண்ணாச்சி தவறிட்டாவ, சாயங்காலம் எடுக்காவ” என்று சொல்லிக்கொண்டே போவார். உடனே யாரும் அடைத்துவிட மாட்டார்கள். வியாபாரம் அதுபாட்டுக்கு நடக்கும். ஊர்வலம் பஜாருக்குள் திரும்பும்போதுதான் முனையில் இருக்கிற முதல் கடையின் ஷட்டர் இறங்கும். உடல் நெருங்க நெருங்க அடுத்த கடை, அதற்கடுத்த கடை. இறக்கிவிட்டு முதலாளி வெளியே வந்து, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். தராசு வைத்திருப்பவர்கள் தட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். உடல் கடந்து போனதும் அதே வரிசையில் ஷட்டர்கள் மேலே ஏறும். ஒரு கடை மூடியிருப்பது மொத்தத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஆனால் பஜாரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அந்த இரும்புச் சத்தம் உடலோடு கூடவே நடந்து வரும்.

அப்பாவுக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஒரு கிறுக்கு இருந்தது.

அவர் குளத்தூர்ப் பக்கத்துக்காரர். வானம் பார்த்த நிலம் கொஞ்சம் இருந்ததை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபின், மூட்டை தைக்கும் வேலைக்குக் கோவில்பட்டி கமிஷன் மண்டியில் வந்து சேர்ந்தார். ஒருநாள் உளுந்து மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தபோது மண்டி முதலாளி, “ஏலே, ஊசியக் கீழ வையி” என்றாராம். ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். ஒரு மிளகாய் வத்தல் வியாபாரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா பக்கத்தில் நின்ற சுமைதூக்குபவரிடம், “நாம செத்தா இப்படி அடைப்பாவளா?” என்று கேட்டிருக்கிறார். “மூட்ட தைக்கவனுக்கு எவம்லே கடை அடைப்பான்? மெம்பராயிட்டுச் சாவு” என்று அவர் சிரித்தாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது அப்பாவும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது. இப்படி ஒரு கிண்டலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுசன் வாழ்க்கையை அமைத்துக்கொள்வானா என்று எரிச்சலாக இருக்கும்.

அவர் அமைத்துக்கொண்டார். மண்டிகளில் கழித்துப் போடும் பழைய சாக்குகளை வாங்கி, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு, மறுபடியும் விற்கிற தொழிலை ஆரம்பித்தார். அம்மா வந்த பிறகு தொழில் நிமிர்ந்தது. உண்மையில் ஒட்டுப் போட்டதெல்லாம் அம்மாதான். அப்பாவுக்குப் பேச்சு வரும், அம்மாவுக்கு வேலை வரும். பஜாரில் கடையும் பின்னாலேயே வீடுமாக ஒரு இடம் அமைந்தது. தை, மாசியில் உளுந்தும் பாசிப்பயறும் கொத்தமல்லியும் களத்துக்கு வரும் சமயத்தில் எப்போதும்வென்றான், விளாத்திகுளம் ஊர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் வண்டியோடு வந்து கடைவாசலில் நிற்பார்கள். வத்தல் சாக்கை உதறும்போது தெருவே தும்மும்.

சங்கத்தில் அப்பாவைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு வருஷங்கள் ஆயின. பழைய சாக்கு விற்பது வியாபாரமா, கழிவு பொறுக்குவதா என்று கூட்டத்தில் பேசினார்களாம். கடைசியில் சேர்த்துக்கொண்ட அன்று அப்பா கடலைமிட்டாயும் காராச்சேவும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். “என்ன விசேசம்?” என்று அம்மா கேட்டாள்.

“நம்மளையும் பஜார்ல சேத்துட்டாவ” என்றார் அப்பா.

“அப்ப இத்தன வருசம் எங்கன இருந்தோமாம்?” என்றாள் அம்மா. அப்பா மிட்டாயை உடைத்து என் கையில் கொடுத்தார்.

அதன்பிறகு மாதாந்திரக் கூட்டத்தை அவர் தவறவிட்டதே இல்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். நாங்கள் கிறிஸ்தவர்கள். போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்துப் பாதியில் வரும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா மெல்ல எழுந்து வெளியே போவார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும். “ஆண்டவருக்கு இல்லாத நேரம் அண்ணாச்சிமாருக்கு இருக்கு” என்பாள்.

அந்தக் கூட்டங்களில் என்ன நடந்தது என்பதை அப்பாவே வந்து விஸ்தாரமாகச் சொல்வார். குடிதண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்று ஒரு மனு. ரயில் நிற்க வேண்டும் என்று ஒரு மனு. புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிக்குப் பொன்னாடை. அவர் மாற்றலாகிப் போகும்போது இன்னொரு பொன்னாடை. ஒரு கடைக்காரர் தகரத் தட்டியைத் தெருவுக்குள் நீட்டிப் போட்டுவிட்டார் என்பதைப் பேசித் தீர்க்க மாதக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். தட்டி அப்படியேதான் இருந்தது. வருஷப் பிறப்புக்குச் சங்கம் முருகன் படம் போட்ட காலண்டர் கொடுக்கும். அப்பாவுக்காக மட்டும் அருவிப் படம் போட்ட ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அவர் நெகிழ்ந்து போவார். சங்கத்தால் அவருக்கு உயிரோடு இருக்கும்போது கிடைத்த லாபம் என்று கணக்குப் பார்த்தால் அந்த அருவிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மா இறந்தாள். திடீரென்று ஒரு மத்தியானம், சாக்குக் குவியலில் சாய்ந்தபடியே போய்விட்டாள். அப்பா அழுதுகொண்டே சங்கத்துக்கு ஆள் அனுப்பினார். செயலாளர் வந்தார். அவர் பலசரக்குக் கடைக்காரர், நல்ல மாதிரியான மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, “மெம்பருக்குத்தான் அண்ணாச்சி அடைப்பு. வீட்டுப் பொம்பளையளுக்கு வழக்கமில்ல. மாலை கொண்டாந்திருக்கேன்” என்றார்.

அம்மாவின் பெட்டி பஜார் வழியாகப் போனபோது ஒரு கடையில் டேப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த பஜாரின் பாதி மூட்டைகள் அவள் ஒட்டுப் போட்ட சாக்கில் கட்டியவை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “இனிமே அந்தச் சங்கத்துப் பக்கம் போவாதீங்க” என்றேன்.

“சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா தாயி” என்றார். அடுத்த கூட்டத்துக்கும் போனார்.

அம்மா போன பிறகு கடையில் நான் உட்கார ஆரம்பித்தேன். அப்பாவுக்கு நெஞ்சில் இளைப்பு. சாக்குத் தூசியும் வத்தல் நெடியும் இத்தனை காலம் உள்ளே போய்ச் சேர்ந்ததன் பலன். டாக்டர் கடைக்குள்ளேயே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்து வைத்திருந்தேன். தூத்துக்குடியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள் என்னோடு படித்த ஒரு பெண். சீசன் முடியட்டும் என்றார் அப்பா. சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் முடிந்தது.

அப்புறம் சீசன் என்பதே இல்லாமல் போயிற்று. வெள்ளை வெளேர் என்று பிளாஸ்டிக் சாக்குகள் வந்து இறங்கின. இலேசு, மலிவு, தும்மல் கிடையாது. உரம் வந்த சாக்கையே கழுவி உளுந்து கட்டினார்கள். சம்சாரிகளைக் குறை சொல்ல முடியாது. மழை ஏமாற்றிய வருஷங்கள் அவை. மூட்டை கட்டவே விளைச்சல் இல்லாதவன் சணல் சாக்கா பிளாஸ்டிக் சாக்கா என்று பார்ப்பானா?

அப்பா இதைச் சங்கத்தில் எழுப்பினார். இருமிக்கொண்டே எழுந்து நின்று, பிளாஸ்டிக் சாக்கில் தானியம் வேர்த்துப் புழு வைக்கிறது, சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசியிருக்கிறார். “தீர்மானம் போட்டிருவோம் அண்ணாச்சி” என்றாராம் செயலாளர். தீர்மானம் போட்டார்கள். கலெக்டருக்கு அனுப்பினார்கள். அந்த வருஷப் பொதுக்குழுவில் உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு கிலோ சர்க்கரை கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பையில்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் கடையில் ஈ கூட வருவது நின்றுபோனது. அப்போதுதான் செல்போன் விற்கிற ஒருவர் எங்கள் இடத்தை வாடகைக்குக் கேட்டு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். வீடு உங்களுக்கே இருக்கட்டும், முன்கடை மட்டும் போதும் என்றார். தூத்துக்குடியில் அந்தப் பெண் இன்னும் என்னை மறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு விடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பா முடியாது என்றுவிட்டார்.

“ஏன்?” என்று கேட்டேன்.

“கடைய எடுத்துட்டா பேர அடிச்சிருவாவ.”

சங்கத்தின் சட்டம் அது. பஜாரில் சொந்தமாகக் கடை நடத்துகிறவர்தான் உறுப்பினர். கடையை மூடிவிட்டால் அந்த வருஷமே பெயரை நீக்கிவிடுவார்கள். பெயர் இல்லாதவருக்குத் துட்டி அடைப்பு இல்லை. சணல் வியாபாரம் செய்த இன்னொருவர் அப்படித்தான் கடையை விட்டுவிட்டு மகன் வீட்டில் போய் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தும் பஜார் அசையவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை.

“அடிச்சா அடிக்கட்டும்” என்றேன். “யாவாரமே இல்லாத கடைய நான் தினம் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கணும், நீங்க செத்தா அவிய அடைக்கதுக்கு. இது என்னப்பா நியாயம்?”

“எனக்கு வேற என்னட்டி இருக்கு? நெலமா, ஊரா? அந்தச் சத்தம் ஒண்ணுதான கேட்டேன்.”

“செத்தவுகளுக்கு எப்படிக் காது கேக்கும்?”

அவருக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கியதும், “ஒனக்குக் கேக்கும்லா” என்றார்.

தானும் இந்த பஜாரில் ஒரு ஆளாக இருந்ததாக அவர் எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போக நினைத்த சொத்து அது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? செல்போன் கடைக்காரர் நாலு கடை தள்ளி வேறு இடம் பிடித்துக்கொண்டார். தூத்துக்குடிக்குப் போக மாட்டேன் என்று நான் சொல்லி அனுப்பினேன். பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும், அப்பாவையும் கடையையும் விட்டு வர முடியாது என்றதும் திரும்பிப் போனார்கள். தினமும் காலையில் ஷட்டரை ஏற்றுவேன். பழைய சாக்குகளை வெயிலில் போடுவேன். மறுபடி மடித்து வைப்பேன். சாயங்காலம் ஷட்டரை இறக்குவேன். வருஷங்கள் அப்படிப் போயின. அப்பா சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் செத்தால்தான் எனக்கு விடுதலை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒரே வீட்டில் அதைத் தெரிந்துகொண்டு இருப்பது கொடுமை.

அப்படி ஒரு வருஷம் மாசி மாதம், ஏதோ புதிய வரி வருகிறது என்று மாநிலம் முழுக்கக் கடையடைப்பு அறிவித்தார்கள். எல்லாச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. முதல் நாள் செயலாளரே வந்து ஷட்டரில் ஒட்டுவதற்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா படுக்கையிலிருந்தபடியே, “சுருக்கமில்லாம ஒட்டு தாயி. நம்ம சங்கத்துல ஒரு கடைகூடத் திறக்காதுன்னு பேரு” என்றார். பசை காய்ச்சி ஒட்டினேன்.

மறுநாள் விடியும்போது அவருக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. ஆட்டோ கூப்பிட ஓடினேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அழுகை கொஞ்சம் அடங்கியபோது தெரு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பது காதில் உறைத்தது. இன்றைக்குக் கடையடைப்பு. எல்லாக் கடைகளும் ஏற்கெனவே மூடிக் கிடக்கின்றன.

செயலாளர் செய்தி கேட்டு வந்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தார். “நல்ல மனுசன். கூட்டத்துக்கு அவிய வராத நாளே கெடையாது” என்றார்.

“அண்ணாச்சி, அப்பாவுக்கு அடைப்பு?” என்று கேட்டேன்.

அவர் ஒருமாதிரியாக என்னைப் பார்த்தார். “அடைச்சுத்தானம்மா இருக்கு” என்றார்.

“அது வரிக்குல்லா.”

“சரிதான். ஆனா அடைச்ச கடைய மறுபடி எப்படிம்மா அடைக்கது?”

“நாளைக்கு எடுத்தா?”

“சீசன் நேரம்மா. வராத சரக்கு இப்பதான் கொஞ்சம் வருது. இன்னிக்கு அடைப்பு, நாளைக்கும் அடைன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போய்ச் சொல்லுவேன்? பத்துப் பேரு அடைப்பான், பத்துப் பேரு அடைக்க மாட்டான். அது அண்ணாச்சிக்குத்தான் மரியாதக் கொறைச்சல்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அப்படி ஒரு யோசனை வந்தது. “அப்ப ஒண்ணு செய்ங்க அண்ணாச்சி. நாலஞ்சு கடையாவது போதும். பெட்டி வரும்போது ஷட்டரைக் கொஞ்சம் ஏத்தி வச்சிருந்து, பக்கத்துல வரவும் எறக்குங்க.”

யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். அவர் சிரிக்கவில்லை. “மாநிலச் சங்கத்து இளைஞர் அணிப் பயலுவ பைக்ல சுத்திட்டு இருக்கானுவ. தொறந்த கடைய போட்டோ எடுத்து மேல அனுப்புதானுவ. வேற யாரையும் நான் கேக்க முடியாது. என் கடைய மட்டும் பாக்கேன்மா. சத்தியமாப் பாக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையடைப்பு என்றால் எல்லாமே அடைப்புதான். பெட்டி செய்கிறவரின் வீட்டுக்குப் போய் அவருடைய கொல்லைப்புறமாகப் பெட்டியை வாங்கி வந்தோம். பூக்கடை இல்லை. சர்ச் தோட்டத்தில் பூத்திருந்த செவ்வந்தியைப் பறித்து வைத்தோம். அஞ்சலிப் போஸ்டர் அடிக்க அச்சாபீஸ் இல்லை. சங்கத்தின் மாலையும் பூக்கடை இல்லாததாலேயே வரவில்லை. அம்மாவுக்கு வந்த மாலைகூட அப்பாவுக்கு வரவில்லை.

பஸ் மட்டும் ஓடியது. குளத்தூரிலிருந்து அப்பாவின் அக்கா வந்திருந்தாள். எனக்கு அத்தை. பல்லுப் போன, பார்வை மங்கிய அத்தை. ஜெபம் முடிந்து பெட்டியைச் சர்ச் வண்டியில் ஏற்றினோம். கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கு வழி உண்டு. ஆனால் பஜார் வழியாகத்தான் போக வேண்டும் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். போதகர் முன்னால் நடந்தார். பின்னால் சபையார் கொஞ்சம் பேர். எங்களில் பெண்களும் கல்லறைவரை போவோம். நானும் அத்தையும் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தோம்.

பஜாருக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் ஷட்டர்கள் கீழே இறங்கிப் பூட்டுத் தொங்கின. எல்லாவற்றிலும் அதே நோட்டீஸ். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு முதலாளி இல்லை. கிடைத்தது ஒரு நாள் லீவு என்று திருச்செந்தூருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய்விட்டார்கள், மிச்சப் பேர் வீட்டில் தூங்கினார்கள். ஆளில்லாத தெருவில் ஒரு கீதாரியின் ஆடுகள் வெங்காயத் தோலை மேய்ந்துகொண்டிருந்தன. வண்டிச் சக்கரம் ஒன்று எண்ணெய் இல்லாமல் கிரீச்சிட்டது. எனக்குக் கேட்டது அது மட்டும்தான்.

அத்தை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, எந் தம்பிக்கு ஊரே அடைச்சிருக்கே. இம்புட்டுப் பெரிய ஆளாட்டி அவன்?” என்று சொல்லிச் சத்தம் போட்டு அழுதாள்.

நோட்டீஸில் இருந்ததை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது.

பலசரக்குக் கடைப் பக்கம் வந்தோம். செயலாளர் சொன்னபடி வந்திருந்தார். தன் கடை ஷட்டருக்குப் பக்கத்தில், கையில் சாவிக்கொத்தோடு நின்றார். எதிரே முக்கில் இரண்டு பைக்குகள். இளைஞர் அணிப் பையன்கள் அதில் சாய்ந்துகொண்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் குனிந்தார். பூட்டைத் தொட்டார். பைக்குகளைப் பார்த்தார். வண்டி அவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து, துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஷட்டர் அப்படியே கிடந்தது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சங்கத்தின் சட்டத்தை மீறாத நல்ல செயலாளர். அப்பா இருந்திருந்தால் அவரைப் பாராட்டியிருப்பார். எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை. அந்தச் சாவிக்கொத்தைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் நான் ஏற்றி இறக்கிய ஷட்டருக்கு இந்த ஊர் ஒரு ஷட்டரைத் திருப்பித் தரவில்லை. வண்டி எங்கள் கடையையும் கடந்து போனது. அதிலும் நோட்டீஸ், சுருக்கமில்லாமல்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை ஊருக்குப் புறப்பட்டாள். ஊரில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவள் போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே பஜார் திறக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ஷட்டராக ஏறும் சத்தம், எங்கள் கடையைத் தாண்டி, தெருக்கோடி வரைக்கும் போயிற்று. ஒரு நாள் வியாபாரம் போன வேகத்தில் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கத்துக் கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து, பூக்கடை திறந்துவிட்டது, மாலையை இங்கே கொண்டுவரவா கல்லறைக்குக் கொண்டுபோகவா என்று செயலாளர் கேட்டு வரச் சொன்னார் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் கடைப்பக்கம் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். எப்போதும்வென்றான் பக்கத்துச் சம்சாரி ஒருவர், வயதானவர், நின்றுகொண்டிருந்தார். முன்பு அப்பாவிடம் சாக்கு வாங்கியவர்தான், முகம் ஞாபகம் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எங்களைத் தேடி வந்த முதல் ஆள். ஷட்டரில் இருந்த நோட்டீஸைக் கையால் காட்டினார்.

“அடைப்பு நேத்தோட முடிஞ்சில்லா போச்சு? எல்லாக் கடையும் தொறந்திருக்கு. நீங்க மட்டும் யாருக்கும்மா அடைச்சிருக்கீய?”

“எங்க அப்பாவுக்கு” என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மூடிக் கிடந்த ஷட்டரைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, “களத்துல மல்லி கெடக்கு தாயி. சாக்கு வேற எங்கன கெடைக்கும்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எதிர்ச்சாரியில் இருந்த பிளாஸ்டிக் சாக்குக் கடையைக் கைகாட்டினேன்.